கடப்பாறை தொங்கும் வாசல்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் அன்பர்கள் பலர், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரைத் தரிசித்துவிட்டு நாகலாபுரத்திலும் சற்று நேரம் இறங்குவதுண்டு. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக் காலம் 1509-1529) தம் அன்னை நாகலாதேவியின் நினைவாகப் பெயரிட்ட ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

ஊரின் நடுவே வேதநாராயணப் பெருமாள் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். சோமுகன் என்னும் அசுரன் வேதங்களைக் கவர்ந்து கடலுக்குள் ஒளிந்தபோது, மீனாக அவதரித்து அவற்றை மீட்டு வந்த திருக்கோலம் இது. இடைக்கு மேல் சங்கு சக்கரம் ஏந்திய திருமாலாகவும் இடைக்குக் கீழ் மீனாகவும் காட்சி தருகிறார். இக்கோயிலைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிர்வகித்து வருகிறது.

ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாட்கள், மாலைச் சூரியனின் கதிர்கள் கோபுர வாசல் வழியே நுழைந்து நேராகக் கருவறையை அடைகின்றன. முதல் நாள் திருவடியிலும், மறுநாள் திருநாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் ஒளி படுகிறது. பெருமாளைக் கதிரவன் பூஜிப்பதாகப் பக்தர்கள் கொண்டாடுகிறார்கள். சிற்பிகளின் கணக்கு அவ்வளவு துல்லியம்! ஆனால் அந்தக் கணக்கு பலிப்பதற்கு வேறொன்றும் வேண்டும். வாசலுக்கும் கருவறைக்கும் இடையில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. ஒரு தட்டி, ஒரு விளம்பரப் பலகை, ஓர் ஓலைப் பந்தல் போதும், ஐந்நூறு ஆண்டுக் கணக்கைத் தவறாக்கிவிட.

கோயிலை நடுவில் வைத்து எழுந்த பழைய ஊர்கள் தென்னாட்டில் ஏராளம். அவற்றில் பலவற்றின் இன்றைய நிலை அன்பர்கள் அறிந்ததே. தேரோடும் வீதியில் சாக்கடை ஓடுகிறது. திருக்குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. நூற்றுக்கால் மண்டபத்தில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வசதி படைத்தவர்கள் புறவழிச் சாலையோரம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரில் யாராவது ஒருவர், 'வரும் ஞாயிறன்று பத்துப் பேர் சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்வோம்' என்று சொல்லட்டும். குளத்தில் ஒரு கூடை சேறு வெளியேறும் முன்பே ஊரில் நான்கு கட்சிகள் பிறந்துவிடும்! அரசாங்கம் எதற்கு இருக்கிறது, வரி எதற்குக் கட்டுகிறோம் என்பார் ஒருவர். குப்பை போடுகிறவனைத் தடுக்காமல் அள்ளி என்ன பயன் என்பார் மற்றொருவர். சன்னதித் தெருவில் தட்டுக்கடை வைத்திருப்பவர், சுத்தம் என்று ஆரம்பித்துக் கடைசியில் தம் பிழைப்பில் கை வைப்பார்களோ என்று கலங்குவார். பலகையில் யார் பெயர் முதலில் என்பது பற்றி யாரும் வெளியே பேசமாட்டார்கள். பாதிச் சண்டைக்கு அதுவே காரணமாக இருக்கும்.

இந்தச் சண்டைகளைக் கேவலம் என்று ஒதுக்கிவிட முடியாது. தொண்டு என்பது என்ன, அது யாருக்கு உரியது என்ற கேள்வி இவற்றுக்குள் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நாகலாபுரத்திற்கு அருகிலேயே, திருமலையின் மீது, ஒரு விடை தொங்கிக்கொண்டிருக்கிறது.

அனந்தாழ்வானும் சிறுவனும்

திருமலை மகாத்வாரத்தின் பக்கச் சுவரில் ஒரு கடப்பாறை தொங்குவதைக் காணலாம். வரிசையில் முண்டியடித்துச் செல்லும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. அது அனந்தாழ்வானுடையது.

ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் சீடர்களுக்குத் திருவாய்மொழிப் பொருள் உரைக்கும்போது, திருவேங்கடமுடையானுக்குப் பூத்தொடுக்கும் கைங்கர்யத்தைப் பற்றிச் சொல்லி, அங்கே சென்று நந்தவனம் அமைப்பவர் யார் என்று கேட்டார். சபையில் பெரிய பண்டிதர்கள் இருந்தனர். திருமலையின் குளிரோ கடுமையானது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. (தொண்டுக்கு ஆள் கேட்கும்போது சபையில் எழும் மௌனம் இன்று நேற்று வந்ததன்று போலும்!) அனந்தன் என்னும் சீடர் மட்டும் எழுந்து, தாம் செல்வதாகக் கூறினார். நீரே ஆண்பிள்ளை என்று ஆசாரியர் மகிழ்ந்து அவரை அனுப்பி வைத்தார்.

அனந்தாழ்வான் மனைவியுடன் மலையேறினார். நந்தவனம் அமைத்தார். அதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஓர் ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாறையால் மண்ணை வெட்டித் தருவார். மனைவி கூடையில் சுமந்து சென்று கொட்டுவார். அந்த அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார்.

ஒருநாள் சிறுவன் ஒருவன் வந்தான். தானும் மண் சுமப்பதாகச் சொன்னான். அனந்தாழ்வான் மறுத்துவிட்டார். ஆசாரியர் தமக்கு இட்ட பணி இது, இதில் பிறருக்குப் பங்கில்லை என்பது அவர் கருத்து. சிறுவன் விடவில்லை. பாதி வழியில் நின்று அம்மையாரிடம் கூடையை வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறுங்கூடையைக் கொடுத்தான். களைத்திருந்த அம்மையாரும் கொடுத்துவிட்டார். மனைவி வழக்கத்தைவிட விரைவாகத் திரும்புவதைக் கண்ட அனந்தாழ்வான் நடந்ததை அறிந்தார். கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த கடப்பாறையைச் சிறுவன் மீது வீசினார். அது மோவாயில் பட்டு இரத்தம் கசிய, சிறுவன் ஓடி மறைந்தான்.

சிறிது நேரத்தில் கோயிலில் பரபரப்பு. வேங்கடவனின் திருமோவாயில் இரத்தம்! ஓடி வந்த அனந்தாழ்வான், சிறுவனாக வந்தவர் யார் என்று உணர்ந்து கதறினார். காயத்திற்குப் பச்சைக்கற்பூரம் வைக்கப்பட்டது. இன்றும் அந்தத் திருமுகத்தில் மோவாய்க்கட்டையில் கற்பூரம் சாத்தப்படுவதற்குக் காரணமாக வைணவப் பெரியோர் சொல்லும் வரலாறு இதுதான்.

இந்தக் கதையை வழக்கமாக அனந்தாழ்வானின் பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவர் பக்தியில் ஐயமே இல்லை. எல்லோரும் தயங்கியபோது எழுந்து நின்றவர் அவர். ஆயினும் கடப்பாறை எறியப்பட்டது சோம்பேறியின் மீதன்று, உதவ வந்தவன் மீது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தொண்டு செய்யாதவனுக்கு இந்த ஆபத்து இல்லை. பத்து ஆண்டுகள் தனியாக ஒரு குளத்தைக் காத்தவருக்குத்தான், பதினோராம் ஆண்டு புதிதாக மண்வெட்டியுடன் வரும் இளைஞனைப் பார்த்ததும் உள்ளம் கசக்கிறது. 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?' என்ற கேள்வி ஒரு கடப்பாறைதான். பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் சாத்வீகமான கர்த்தாவின் இலக்கணத்தைக் கூறும் பகவான், உறுதியையும் உற்சாகத்தையும் சொல்வதற்கு முன்பே பற்றின்மையையும் 'நான்' என்று பேசாதிருப்பதையும் வைக்கிறார். உற்சாகம் மிக்கவரிடம்தான் 'நான்' வேகமாக வளரும் என்பது அவர் அறியாததா?

தன் வீட்டு வாசலைப் பெருக்கிய தியாகமும் பிறர் வேலையும்

வேலைக்கு வராமல் வாதம் செய்வோரைப் பற்றியும் பார்க்க வேண்டும். 1901-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்திஜி அங்கே கண்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தொண்டர் ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அடுத்தவரிடம் ஒப்படைப்பார், அடுத்தவர் மூன்றாமவரிடம். கழிப்பிடங்களின் நாற்றம் தாங்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது, அது எங்கள் வேலையன்று, தோட்டிகளின் வேலை என்று தொண்டர்கள் சொல்லிவிட்டார்கள். காந்திஜி ஒரு துடைப்பம் கேட்டார். கேட்டவரை அவர்கள் வியப்போடு பார்த்தார்கள். தாம் பயன்படுத்திய இடத்தை அவரே சுத்தம் செய்துகொண்டார். கூட்டம் மிகுதி, கழிப்பிடங்கள் குறைவு. அடிக்கடி சுத்தம் செய்வது தம் சக்திக்கு மீறியதாயிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஊரையே மாற்றிவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1916 பிப்ரவரியில், காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் மன்னர்களும் சீமான்களும் நிறைந்த சபையில், விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளின் அழுக்கை அவர் வெளிப்படையாகப் பேசினார். கோயிலே இப்படி இருந்தால் சுயராஜ்யம் எப்படி இருக்கும் என்பது அவர் கவலை. அந்தச் சந்துகள் பலவும் இன்று இல்லை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட காசி விசுவநாதர் வளாகத்திற்காக 300-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் வாங்கி அகற்றப்பட்டன. ஏறத்தாழ 3,000 சதுர அடியாக இருந்த கோயில் வளாகம் சுமார் 5 லட்சம் சதுர அடியாயிற்று. வீடுகளுக்குள் மறைந்திருந்த சிறு கோயில்கள் வெளிப்பட்டன. கங்கையிலிருந்து நேராகச் சென்று ஈசனைத் தரிசிக்கும் யாத்திரிகர் மகிழ்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்தச் சந்தில் வாழ்ந்து, இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறியவர்களில் சிலர் இன்னும் வருந்துகிறார்கள். இரண்டுமே உண்மை. பழைய ஊரைப் புதுப்பிக்கும்போது அங்கே வாழ்ந்தவர் வாயை மூடிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அந்த வேகத்தை வைத்து மட்டும் அதைத் தர்மம் என்று சொல்லிவிட முடியாது.

பாக்பஜார் தெருவில்

1898-இல் கல்கத்தாவைப் பிளேக் பயம் பிடித்தது. நோயைவிட நோய்த்தடுப்பு விதிகளுக்கு மக்கள் அதிகம் அஞ்சினர். வீட்டுக்குள் புகுவார்கள், பெண்களை இழுத்துச் செல்வார்கள் என்று வதந்தி பரவிக் கலகம் மூண்டது. டார்ஜிலிங்கிலிருந்து விரைந்து வந்த சுவாமி விவேகானந்தர் செய்த முதல் காரியம், மக்களுக்குப் புரியும் மொழியில், வங்காளியிலும் இந்தியிலும், அச்சத்தைப் போக்கும் அறிக்கை வெளியிடச் செய்ததுதான். துடைப்பம் பிறகு வந்தது. பணத்திற்கு என்ன செய்வது என்று கேட்டபோது, மடத்திற்காக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார்.

1899 மார்ச் இறுதியில் சேவை முறையாகத் தொடங்கியது. சகோதரி நிவேதிதை செயலாளர். சுவாமி சதானந்தர் களப்பணித் தலைவர். பழைய வடகல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் மாதக்கணக்கில் தேங்கிய குப்பை வண்டி வண்டியாக அகற்றப்பட்டது. ஒருநாள் பாக்பஜாரின் ஒரு தெருவைப் பெருக்க ஆள் இல்லை. நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தெரு இளைஞர்கள் வெட்கித் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. வெட்கப்படுத்த வேண்டும் என்று பெருக்கினால் அது நாடகமாகியிருக்கும்.

ஏப்ரல் 22-ஆம் தேதி கிளாசிக் தியேட்டரில் நிவேதிதை மாணவர்களிடையே பேசினார்; சுவாமிஜி தலைமை தாங்கினார். அன்று முன்வந்தவர்கள் பதினைந்து பேர். அவ்வளவு பெரிய நகரத்தில் பதினைந்து! ஞாயிறுதோறும் அவர்கள் கூடிச் செய்த வேலையைத் தெரிவித்தார்கள். எத்தனை பேர் வரவில்லை என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

'என் வேலை' என்ற பிடிவாதத்திற்கு அனந்தாழ்வான் எடுத்துக்காட்டு என்றால், 'எனக்கு என்ன கிடைக்கும்' என்ற கேள்விக்கு அப்பரடிகள் இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் கையில் உழவாரப்படையுடன் தலம் தலமாகச் சென்று புல் செதுக்கியவர் அவர். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. கல்லையும் முள்ளையும் எப்படி அள்ளினாரோ அப்படியே அவற்றையும் அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். இன்று உழவாரப் பணியில் பொன் கிடைப்பதில்லை, புகைப்படம் கிடைக்கிறது.

அப்பர் பணியில் இன்னொரு நுட்பம் உண்டு. புல்லைச் செதுக்குவதற்கென அமைந்த கருவி அவர் கையில் இருந்தது. எந்த வேலைக்கு எது கருவி என்று அறியாத ஆர்வம் கோயில்களுக்குச் செய்த தீமை கொஞ்சமன்று. கல்லைப் பளபளப்பாக்க மணலை வீசியடித்ததில் எத்தனையோ கல்வெட்டுகளின் எழுத்து தேய்ந்து போயிற்று. சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் சிமெண்டைப் பூசினார்கள். ஈரம் உள்ளேயே தங்கியது. கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்க, பிடிப்பில்லாமல் கல்லே இடம்பெயர்ந்தது. ஆகவே 'முதலில் தெரிந்தவரைக் கேளுங்கள்' என்று ஊர்க்கூட்டத்தில் தடை சொல்லும் முதியவரைத் தொண்டுக்கு விரோதி என்று எண்ணிவிடலாகாது. செயலில் ஈடுபட்டவர்களின் மனத்தைக் குழப்பாதே, நீ ஒழுங்காகச் செய்து அவர்களையும் செய்ய வை என்ற கருத்தைப் பகவான் மூன்றாம் அத்தியாயத்தில் ஞானியை நோக்கியே கூறுகிறார். குழப்பாதிருக்கும் பொறுப்பு அதிகம் அறிந்தவனுடையது.

ஒரு கேள்வி மட்டும் பலரும் கேட்க மறப்பது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வீதியைப் பெருக்கும் அன்பர், திங்கள் முதல் சனி வரை அதே வீதியைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளரை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்? அவருக்குக் கையுறை உண்டா, மாதச் சம்பளம் தவறாமல் வருகிறதா என்று விசாரித்தாரா? கல்கத்தா மாநாட்டுத் தொண்டர்கள் 'அது அவர்கள் வேலை' என்று கை காட்டிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றும் பல ஊர்களில் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டால், எந்தச் சாக்கடை எங்கே அடைக்கிறது, யார் வீட்டுக் குழாய் திருக்குளத்தில் விழுகிறது என்பதெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவரைவிட அந்த வீதியை அறிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை.