ஒருவர்க்கு உதவியும் ஊர்க்கு நீதியும்



துன்புற்ற ஒருவனுக்காகப் பரிந்து பேசுவது மேலா, துன்பத்தை விளைக்கும் சட்டத்தை மாற்றுவது மேலா என நம் தொண்டர்கள் வினவுகின்றனர். நூலாலைத் தொழிலாளி இதற்கு விடை அறிவான். இழை அறுந்தால் உடனே பிணைக்கவேண்டும்; ஓயாமல் அறுமாயின் பஞ்சையும் பொறியையும் சோதிக்கவேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் நூல் தேறாது.

தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில் பகவன் உரைத்த வரலாற்றைக் கேளுங்கள். மகாவிஜிதன் நாட்டில் கொள்ளை மிகுந்தது. தண்டனையால் அது தீராது, எஞ்சியோர் மீண்டும் நாட்டை வருத்துவர் என்றார் புரோகிதர். அவர் சொற்படி மன்னன் உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், ஊழியர்க்கு ஊதியமும் அளித்தான். கொள்ளை ஒழிந்தது, மக்கள் கதவு திறந்து வாழ்ந்தனர்.

இவ்விருவகைத் தொண்டும் நம் நாட்டிலேயே ஒருங்கே நடந்ததுண்டு. 1947 பிரிவினைக்குப் பின், கிழக்கு வங்காளத்து அகதிகள் கொல்கத்தாவின் டாலிகஞ்ச், ஜாதவ்பூர்ப் பகுதிகளின் வெற்றுநிலங்களில் குடிசையிட்டனர். ஒரு குடிசையைப் பிரிக்க ஆட்கள் வந்தால், பெண்கள் சங்கூதி அயலாரைத் திரட்டினர். இது ஒருவர்க்கு உதவி. ஆயினும் சங்கொலி சட்டத்தைத் தடுக்குமா? ஆதலின் 1950-இல் குடியேற்றங்கள் ஒன்றுகூடி ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலை அமைத்தன. வெளியேற்ற மசோதா வந்தபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1951-இல் நிறைவேறிய சட்டத்தின் பெயரிலேயே புனர்வாழ்வு என்னுஞ் சொல் ஏறிற்று. பிழைப்புக்கு ஏற்ற மாற்றிடம் அளியாமல் அகதியை அகற்றலாகாது என்னும் காப்பும் கிடைத்தது.

நிற்க. அவ்வெற்றி எல்லோரையும் எட்டவில்லை. பின்னர் வந்தோருள் பலர் நாமசூத்திரர் முதலிய ஒடுக்கப்பட்ட உழவர். முகாம்களில் இருந்த அவர்களைத் தொலைவிலுள்ள தண்டகாரணியத்துக்கு அனுப்பினர். அங்கே வாழவியலாது 1978-இல் திரும்பி மரிச்சாப்பித் தீவில் குடியேறியோரை, 1979-இல் அரசு வன்மையால் அகற்றிற்று, உயிர்களும் மாண்டன. பலர் பேரால் எழும் இயக்கமும் கடைசி மனிதனை மறக்கக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

ஆதலின் அன்பர்களே, ஒரு கைம்பெண்ணின் மனுவோடு அலுவலகம் செல்லுங்கால், அவள் குறையை அவளே பேசட்டும். நீங்கள் அருகில் நில்லுங்கள். காரியம் முடிந்ததென்று வீடு திரும்பாதீர்கள். இதே வாயிலில் இன்னும் எத்தனை பேர் திருப்பப்பட்டனர் என்று கேளுங்கள். எந்த விதி அவர்களைத் திருப்பிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். அவ்வெழுத்தே நாளைய கிளர்ச்சிக்குச் சான்றாகும். கிளர்ச்சி வென்றபின்னும், அந்த மனுக்காரி பயன் பெற்றாளா என்று அவள் வீட்டுவாயிலில் சென்று பாருங்கள்.

கருணை ஒருவரை நோக்கும். பிரக்ஞை அவர் துயரின் காரணத்தை நோக்கும். இரண்டும் கூடியதே தம்மத் தொண்டு.

சாது! சாது! சாது!