பள்ளத்துக்கும் காசு

சைனாடவுன் பகோடா ஸ்திரீட் பக்கம் சாக்லேட் வாங்கினால் விலையைப் பார்த்துத்தான் 'அம்மாடி' என்கிறோம். எடையை யார் பார்க்கிறோம்?

விலை ஏற்றத்துக்குக் காரணம் இருக்கு. 2024 ஜனவரியில் பொருள் சேவை வரி 9 விழுக்காடானது. டிசம்பரில் கோகோ, டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சரி, ஏத்தட்டும். கண்ணுக்குத் தெரியுது, வேண்டாம்னா வச்சிட்டு வந்துடலாம்.

என்னை உறுத்துவது இன்னொரு வழி. 2016இல் பிரிட்டனில் 170 கிராம் டாப்லரோன் 150 ஆனது. பெட்டி அப்படியே, முக்கோணங்களுக்கு நடுவே பள்ளம் மட்டும் அகலமானது. ஒரே கேலி. 2018இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள்.

'எடையைத்தான் உறையில் அச்சடிச்சிருக்கே, இதுல என்ன ஏமாத்து?' என்று கேட்கலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் நாம் அதைப் படிக்கமாட்டோம் என்று நம்பித்தானே பெட்டியின் அளவை மாற்றாமல் விடுகிறார்கள்? உண்மையை எழுதிவிட்டு, அது கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வதை நான் பொய் என்றுதான் சொல்வேன்.

ஹெர்ஷிக்கு மட்டும் பாதி மன்னிப்பு. 1969 வரை அமெரிக்காவில் அந்தக் கட்டி ஐந்து சென்ட்தான். கூடிக் குறைந்ததெல்லாம் எடை. அங்கேயும் இதே வேலைதான். ஆனாலும் ஒற்றை நாணயத்தோடு கடைக்குப் போன பிள்ளை வெறுங்கையோடு திரும்பவில்லை.