கரிக்கோடு

மும்பை மாஹிமில் பக்திக்குக் கணக்கு உண்டு. புனித மைக்கேல் தேவாலயத்தில் வேண்டிக்கொண்டவர்கள் 9 புதன்கிழமை விடாமல் வருவார்கள். எட்டாவது வாரம் மழையில் ரயில் நின்றுவிட்டால் அவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. மக்தூம் ஷா பாபா தர்காவில் தஸ்பீஹ் மணிகள் முப்பத்துமூன்று முப்பத்துமூன்றாக நகரும். மாட்டுங்காவில் இருக்கும் என் நாத்தனார் ஸ்ரீராமஜயம் எழுதிய நோட்டுகளை வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். "எண்ணினா அது கணக்குப்பிள்ளை வேலை, பக்தி இல்லை" என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை.

ராட்டை நூலைத் தறியில் நீள இழையான பாவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஓரிடத்தில் முறுக்கு ஏறியிருக்கும், அடுத்த சாணில் வெறும் பஞ்சாகத் தளர்ந்திருக்கும். கஞ்சி போட்டாலும் அறும். அறுந்த இழையைத் தேடி முடிந்து அச்சில் திரும்பக் கோத்து உட்காருவதற்குள், எவ்வளவு நெய்தோம் என்பது மறந்துபோகும். திரும்பிப் பார்க்கவும் வழியில்லை, நெய்தது படைமரத்தில் சுருண்டு மடிக்கடியில் போயிருக்கும். அதனால் அப்பா, பாவு விரித்திருக்கும்போதே கெஜக்கோலை வைத்து ஓரத்து இழைகளில் கரியால் கோடு போட்டுவிடுவார். கோடு கைக்கு வந்தால் ஒரு கெஜம். அதையும் முழுசாக நம்பமாட்டார். குறுக்கிழையான ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து போவதில் பாவு கொஞ்சம் குறையும். தறியிலிருந்து இறக்கினால் விறைப்பு போய் இன்னும் குறையும். நனைத்தால் மறுபடி குறையும். "கெஜத்துக்கு நாலு விரல் கூட விடு" என்பார். மாஹிமில் மூன்றாம் மாடியில் அப்பாவுடையதுபோல் குழித்தறிக்குக் குழி தோண்ட முடியாது, எனக்குச் சட்டத்தறிதான். ஆனால் கரிக்கோடு அதே கரிக்கோடு.

காந்தியும் எண்ணியவர்தான். அவர் தலைமை வகித்த 1924 டிசம்பர் பெல்காம் காங்கிரஸில் உறுப்பினர் சந்தா மாதம் 2,000 கெஜம் கைநூல் என்றானது. நூற்க மனமில்லாதவர் அடுத்தவர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று ஒரு ஓட்டையும் வைத்தார்கள். அடுத்த செப்டம்பரில் பாட்னாவில் அது வருஷத்துக்கு 2,000 கெஜம் அல்லது 4 அணா என்று இறங்கியது. அதே 1925இல் தாகூர் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மழுங்கும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. மில் நூலுக்கு அது பொருந்தலாம். கைநூல் யாரையும் மழுங்க விடாது, கண் அசந்த இடத்தில் அறுந்து நிற்கும்.

எனக்கு நெருக்கமானவர் நேச நாயனார். கம்பிலியில் இருந்த நெசவாளி. மனம் சிவனடியில், வாய் ஐந்தெழுத்தில், கை தறியில். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியாருக்குக் கொடுத்தார். சேக்கிழார் சில பாட்டுகளிலேயே அவர் கதையை முடித்துவிடுகிறார், அளவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் ஒரு முழம் குறைந்த கோவணத்தை எந்த அடியார் கட்டுவார்? வாய் எண்ணாமல் இருந்திருக்கலாம், கை எண்ணித்தான் இருக்கும். அந்த எண்ணிக்கை கட்டிக்கொள்கிறவனுக்காக.

அப்படியானால் நோட்டில் எழுதும் நாமத்தை யார் கட்டிக்கொள்வது? நாத்தனாரிடமே கேட்டேன். "சேர்த்து வைக்கவா எண்ணறேன்? எண்ணலேன்னா நேத்து எழுதலைங்கறதே எனக்குத் தெரியாதே" என்றார். கரிக்கோடும் நெய்த துணிக்காகப் போட்டதில்லை, இனி நெய்ய வேண்டிய பாவில் போட்டது. என் வீட்டுக்காரர் கேலி செய்வது சேர்த்து வைக்கும் கணக்கை. நாத்தனாருடையது மிச்சத்தின் கணக்கு.

ஆனாலும் நான் விடவில்லை. "விறைப்பா இருக்கும்போது அளந்தது இறக்கினா சுருங்கும், அண்ணி. மனசு விறைப்பா இருந்தப்போ எழுதின நாமம் அப்புறம் எவ்வளவு நிக்கும்?"

"அதுக்குத்தான் வருஷத்துக்கு ரெண்டு நோட்டு கூட எழுதறேன்" என்றார்.