விலை கொடுத்த நீர் நமதாகுமா?

நீரை வடிகட்டிப் பருகுவது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மீண்டும் சேர்ப்பதும் அவ்வொழுக்கத்தின் பகுதியே. கிணறு வீட்டுக் கொல்லையில் இருந்தவரை இஃது எளிதாக இருந்தது. இன்றோ நம்மில் பலர் நகரவாசிகள். நாம் பருகும் நீர் எவ்விடத்தது என்பதையே அறியோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டராகக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரமும் இதுவே.

அக்கோடையில் வசதியுடையோர் லாரி நீரை விலைக்கு வாங்கினர். 'பணம் கொடுத்தே பெற்றோம். இதில் குற்றம் யாது?' என்று வினவலாம். நாம் கொடுத்த பணம் கிணற்றுக்குரியவரையும் லாரிக்குரியவரையும் சேர்ந்தது. நிலத்தடி நீரோ வரப்புகளை அறியாதது. ஓரிடத்தில் அளவின்றி இறைத்தால் அண்டை வயலின் கிணறும் வற்றும். அவ்வயலுக்குரியவர் நமக்கு நீரைத் தரவுமில்லை, விலையைப் பெறவுமில்லை. விலை கொடுத்து வாங்கிய நம்மைச் சட்டம் கள்வர் என்னாது. ஆனால் கொடாததைக் கொள்ளாமையை அணுவிரதமாக ஏற்ற நாம், சட்டம் கூறுவதோடு அமைதியுறலாகுமா?

இல்லறத்தார் நீரின்றி வாழ இயலாது. ஆதலின் நம் அறம் நீரை விலக்கச் சொல்லவில்லை. அளவு வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. நீரையே உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டெனக் கொள்ளும் நாம், குழாயை வீணே திறந்துவிடுதலை வெறும் கவனக்குறைவு என்று கடந்துவிடலாகாது.

எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பதும் நம் கடனே. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அக்கணக்கில் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் நீர் விழும். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி அமைத்த தொட்டிகள் பல, மண்ணும் சருகும் அடைந்து பயனின்றிக் கிடக்கின்றன.

நம் ஒரு வீட்டால் நகரின் வறட்சி நீங்காது என்பது மெய்யே. ஏரிகளைக் காப்பதும் பெருந்திட்டங்கள் வகுப்பதும் அரசின் கடமை. எனினும் நாம் எடுத்த நீருக்கு நாமே பொறுப்பு. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னரே மாடியைத் துப்புரவு செய்து, தொட்டியைத் தூர்வாரி, நம் கூரைமேல் விழும் நீரை நிலத்தினுள் சேர்ப்போமாக. வடிதுணியை உதறும் முன் நம் முன்னோர் காட்டிய பரிவு, அந்நீருக்கும் உரியதாகுக.