கூரையின் வலிமையும் உயிரின் மதிப்பும்

கார் உருண்டு கவிழும்போது அதன் கூரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்ற கேள்வி பொறியியலில் தொடங்கினாலும் அறவியலில்தான் முடிகிறது. அமெரிக்காவில் 1973 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கூரையின் முன்மூலையில் உலோகத் தகட்டை மெல்ல அழுத்த, அது 12.7 செ.மீ. இறங்குவதற்குள் வண்டி எடையின் 1.5 மடங்கு விசையைக் கூரை தாங்கினால் போதுமானதாக இருந்தது. 2009இல் இவ்வரம்பு 2,722 கிலோ வரையிலான வண்டிகளுக்கு 3 மடங்காக உயர்த்தப்பட்டது.

இத்தகைய வரம்புகள், கூடுதல் எஃகுக்கான செலவையும் காக்கப்படும் உயிர்களுக்கு இடப்படும் பண மதிப்பையும் ஒப்பிடும் செலவு-பயன் கணக்கின் துணையோடு முடிவாகின்றன. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே அறம் எனும் பயன்வழிக் கொள்கை இக்கணக்கை ஏற்கும்; ஆனால் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட், 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மனித மாண்புக்கு ஈடு எதுவும் இல்லை என்று வாதிட்டார்.

எல்லையற்ற பாரம் தாங்கும் கூரை இல்லையாதலால் ஏதோவொரு வரம்பு தவிர்க்க முடியாதது. எனினும், முன்கண்ணாடியின் இருபுறமும் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கும் தூணின் எஃகுத் தடிமனை வாங்குபவர் அளந்தறிய இயலாது. அதை அறிந்தவர் உற்பத்தியாளரே. எனவே, அறியாமல் நம்பி அமர்பவருக்கு அறிந்தவர் கடன்பட்டவர். சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பை எட்டியதாலேயே அக்கடன் தீர்ந்துவிடாது.