பூட்டும் பொறுப்பும்: சிறுவரின் திரை நுகர்வு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

இளையோர் எதனைக் காணலாம், எதனைக் காணலாகாது எனத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினா புதியதன்று. இளையோருக்குக் கூறப்படும் கதைகள் மேற்பார்வை செய்யப்படல் வேண்டுமெனப் பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியிலே வாதிட்டார். அப்பொறுப்பினை அவர் நகரத்தை நிறுவுவோரிடம் ஒப்படைத்தார். இன்று அது பெற்றோரின் கைக்கு வந்துள்ளது. அதற்கான கருவியை ஆக்கியளிப்பவையோ வணிக நிறுவனங்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், தரக்குறியீட்டின்படி நிகழ்ச்சிகளைத் தடுக்கவல்ல ‘வீ சிப்’ என்னும் சில்லைத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலே பொருத்துமாறு விதித்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் 13 அங்குலமும் அதற்கு மேலுமான திரையுடைய புதிய பெட்டிகள் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று. அது கூடத்திலிருந்த பெட்டிக்கு இடப்பட்ட பூட்டு. இணையவழித் திரைச் சேவைகளோ ஒவ்வொருவர் கையிலுமுள்ள கருவியில் இயங்குவன. நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் விரிவுபடுத்திய ஏற்பாடுகளின்படி, பெற்றோர் தம் கணக்கினுள் உள்ள தனிப்பக்கங்களை இரகசிய இலக்கத்தாற் பூட்டலாம். வயதுத் தரப்படி படைப்புகளை வடிகட்டலாம். குறிப்பிட்ட ஒரு படத்தைப் பெயர்சுட்டி அகற்றலாம். பிள்ளை எவற்றைப் பார்த்தது என்பதையும் அறியலாம்.

இக்கட்டுப்பாட்டின் நியாயம் வெளிப்படையானது. தனிமனித சுதந்திரத்தை உறுதியாக வலியுறுத்திய ஜோன் ஸ்ருவேட் மில், 1859ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், அக்கோட்பாடு முதிர்ச்சியடைந்தோருக்கே பொருந்துமெனக் கூறிச் சிறுவரை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். ஐந்து வயதுப் பிள்ளையின் முன் கொடூரக் காட்சி தோன்றாது தடுப்பது அதன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. சுதந்திரத்தைப் பயன்படுத்தத்தக்க மனம் உருவாகும்வரை அதனைக் காப்பதேயாகும்.

ஆயினும் மேற்கூறிய ஏற்பாடுகளுள் தன்மையால் வேறுபட்ட இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று தடுத்தல், மற்றையது கண்காணித்தல். பூட்டிய கதவு பிள்ளைக்குத் தெரியும். ஏன் பூட்டப்பட்டது எனப் பெற்றோரைக் கேட்கவும் முடியும். அதற்குத் தெரியாமற் பார்க்கப்படும் பதிவேடோ கேள்விக்கே இடமளிப்பதில்லை. பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி, தன் உடலின் மாற்றங்களையோ தன் மனத்துயரையோ விளங்கிக்கொள்ள ஒரு படத்தை நாடுகிறாள் என்க. அது தாய் தந்தையரின் பார்வைக்குப் போகுமென அவள் அறிந்தால், படத்தை மட்டுமன்றிக் கேள்வியையும் கைவிடுவாள். அறியாதிருந்து பின்னர் அறிய நேரின், அவள் இழப்பது அவர்கள்மீது கொண்ட நம்பிக்கையை.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை, பெற்றோரின் வழிகாட்டல் பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும் என்கிறது. 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. இவ்விரண்டும் முரண்படுவன அல்ல. ஆற்றல் வளர வளரக் கட்டுப்பாடு தளரவேண்டும் என்பதே அவற்றின் இணைந்த பொருள்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் காரணம் கூறி யாது பயன் என வினவலாம். காரணத்தை அது முழுமையாக விளங்காதிருக்கலாம். ஆயினும் தடைக்குக் காரணம் ஒன்று உண்டு என்பதனை விளங்கும். காரணமற்ற தடை அச்சத்தையோ தந்திரத்தையோ பயிற்றும். இரகசிய இலக்கத்தைக் கண்டுபிடித்த பிள்ளை கற்றுக்கொண்டது பூட்டைத் திறக்கும் வழியை மட்டுமே.

மேலும், தரக்குறியீடு வன்முறை, பாலியல், தகாத சொல் முதலியவற்றையே பெரிதும் அளவிடுகிறது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே தொடங்கும் அமைப்பு எக்குறியீட்டிலும் அடங்குவதில்லை. அதனை நிறுத்தும் வசதி உண்டெனினும், நிறுத்தும் பொறுப்பு பெற்றோரையே சார்கிறது. ஈர்க்கும் கருவியையும் தடுக்கும் கருவியையும் ஒரே கை வழங்குமிடத்து, பூட்டை வழங்கியதனால் நிறுவனம் தன் கடமையினின்றும் விடுபட்டுவிடாது. அதனைப் பூட்டியதனாற் பெற்றோரும் விடுபட்டுவிடார்.

எனவே, கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதன்று இங்கு எழும் வினா. அது பிள்ளைக்குத் தெரிந்ததா, காரணம் கூறப்பட்டதா, காலப்போக்கில் தளர்வதா என்பனவே உரைகற்கள். பூட்டு நீங்கும் நாளிலும், விலக்க வேண்டியதைத் தானே விலக்கும் பிள்ளையை உருவாக்குவதே பெற்றோரின் பணியாகும். அப்பணியை எந்த இலக்கமும் அவர்களுக்காகச் செய்து தராது.