மேஜை மேல் இருப்பது மட்டும்

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை. பக்கத்து சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையன் ஒருவன் பேச்சு வாக்கில் ஒரு சந்தேகம் கேட்டான். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்ததல்லவா? அதுவரை நைட் ஷிப்ட் முடித்து வந்து செல்போனில் போக்கர் ஆடியவன்.

‘‘முதல் ஆளா பேச வேண்டி வந்தா, மொத்தத்தையும் தூக்கி வெச்சிடுவேன் சார். அது தைரியமா, முட்டாள்தனமா?’’

போக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியமாக. எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் பிறகுதான் திறக்கும். அவற்றைப் பார்க்கும் முன்பே இருக்கிற பணத்தை எல்லாம் நடுவில் தள்ளுவதுதான் ‘ஆல் இன்’. ஒன்பது பேர் மேஜையில் முதலில் பேசுகிறவன் நிலைமை பாவம். அவனுக்குப் பின்னால் எட்டு பேர்; எவன் கையில் என்ன என்று ஒரு துப்பும் கிடையாது. உங்களுக்கு ஜோடி ராஜாவே வந்தாலும், அந்த எட்டில் ஒருவனிடம் ஜோடி ஏஸ் இருக்க ஏறக்குறைய 25-ல் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆனால், கையில் கொஞ்சமே மிச்சம் இருப்பவன் காத்திருந்தால், சுற்றுக்குச் சுற்று கட்ட வேண்டிய கட்டாயப் பணமே அவனைக் கரைத்துவிடும். சுமாரான சீட்டிலும் அவன் துணிவது கணக்குப்படி சரி. நிறைய வைத்திருப்பவன் அதையே செய்தால்? அடுத்தடுத்து யோசிக்கச் சோம்பல் என்பேன் நான்.

இதைச் சொன்னதும் பையன் முகம் மலர்ந்தது. ‘‘நானும் அந்த கொஞ்சமா வெச்சிருக்கிறவன்தான் சார்.’’ விஷயம் மெல்ல வந்தது. வேலையை விட்டுவிட்டு செகண்ட் ஹாண்ட் ‘சின்ன யானை’ வாங்கி ஓசூருக்கு லோடு அடிக்கப் போகிறான். முன்பணத்துக்கு நகை அடகு.

பி.காம். படித்த புத்தி எனக்கு உடனே விழித்துக்கொண்டது. போக்கரில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது மேஜை மேல் உங்கள் முன்னால் இருப்பதற்கு மேல் ஒரு பைசா தோற்க முடியாது. கடிகாரத்தைக் கழற்றி வைக்க முடியாது, வீட்டுப் பத்திரத்தை நீட்ட முடியாது. இங்கிலாந்தில் 1855-ல் சட்டமாகி, கம்பெனிப் பெயர்களின் வாலில் இன்றும் ஒட்டியிருக்கும் ‘லிமிடெட்’ என்ற வார்த்தைக்கும் இதுதான் அர்த்தம். ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவனுக்கு அந்த வால் கிடையாது. கடன் வீட்டுக்குள்ளேயே வரும்.

தருமர் ஆடிய மேஜையிலும் அந்த விதி இல்லை. நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், பிறகு பாஞ்சாலியை. முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா என்று அவள் கேட்டனுப்பினாளே, அந்தக் கேள்விக்கு பீஷ்மராலேயே பதில் சொல்ல முடியவில்லை. தருமருக்கு தைரியம் உண்டா, இல்லையா என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

‘‘நகை யாருது தம்பி?’’

‘‘அம்மாதுதான் சார்.’’

‘‘கேட்டாச்சா?’’

கிளாஸை ஒரு சுற்று சுற்றினான். ‘‘ஆறு மாசத்துல மீட்டு வெச்சிட்டா அவங்களுக்கே தெரியாது சார்...’’

‘‘வண்டி வாங்கு. ஆனா, முதல்ல போய்க் கேளு’’ என்றேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது. என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்துவிட்டு ஓடினான்.